அக்காவின் வண்டியும் ஒரு வெந்நீர்ப் பெட்டியும்

இந்த வாரம் இந்தப் பக்கத்தில் மோட்டார் வண்டி ரிப்பேரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், எங்கள் காரியாலயத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "போன வாரம் மாவடு, இந்த வாரம் மோட்டாரா?" என்று கேட்டார் படம் போடுகிறவர். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பனிக்காலத்து விடியற்காலையில், எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த என் அக்காவைப் பற்றிய சமாசாரம் இது.

அக்கா இருப்பது அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில். டுலூத் என்ற ஏரிக்கரை நகரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூர். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். பெரும்பாலும் இரவு வேலை. போக 40 மைல், வர 40 மைல். அத்தானுக்கு உத்தியோகம் வேறு மாநிலத்தில். மாதம் ஒரு தடவை வந்து போவார். எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு இரவில் துணை, அடுத்த வீட்டு வயதான தம்பதிகள்.

வண்டியா? அதை அந்த ஊரில் பிக்கப் என்கிறார்கள். முன்னால் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர் மினி லாரியின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996-ம் வருஷத்து வண்டி. வயதாகிவிட்டதே தவிர, ஏர் கண்டிஷன் உட்பட எல்லாம் வேலை செய்தது. பனியில் புதைந்த சாலையில் அது போகிற மாதிரி சின்னக் கார் போகாது என்பது அக்காவின் கட்சி.

போன வருஷம் செப்டம்பரில் வண்டிக்குள் ஒரு வாசனை வந்தது. வெல்லப் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. பக்கத்து இருக்கையின் கீழே விரிப்பு ஈரமாக இருந்தது. "குழந்தை ஜூஸைக் கொட்டிவிட்டாள் போலிருக்கிறது" என்று அக்கா அவளைக் கோபித்துக்கொண்டாள். அவளோ, "நான் இல்லை அம்மா" என்று அழுதாள். குழந்தை சொன்னது வாஸ்தவம். சில நாளில் முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாயிற்று. துணியால் துடைத்தால் போகாமல், எண்ணெய்க் கையால் தடவிய மாதிரி இழுபட்டது.

பட்டறைக்குக் கொண்டு போனாள். "ஹீட்டர் கோர் ஓட்டையாகிவிட்டது. மாற்ற 1,400 டாலர் ஆகும்" என்றார்கள். "சாமான் என்ன விலை?" என்று கேட்டாளாம். "சாமான் 60 டாலர்தான். மீதியெல்லாம் அதை எட்டிப் பிடிக்கிற கூலி!" என்று பதில் வந்தது. அந்த வண்டியை வாங்கியதே 3,000 டாலருக்கு. அக்கா தயங்கினாள். அவர்களும் ஒரு சுலப வழி சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், தண்ணீர் பெட்டிக்குப் போகாது, ஒழுக்கும் நின்றுவிடும். அரை மணி வேலை. அப்படியே செய்தார்கள். ஒழுக்கு நின்றது, வாசனையும் போயிற்று. வண்டிக்குள் சூடும் போயிற்று என்பது செப்டம்பர் மாதத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

சென்னையில் 20 டிகிரி வந்தாலே நாம் மப்ளர் தேடுகிறோம். அந்த ஊரில் மார்கழி, தை மாதங்களில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அதிசயமே அல்ல. நவம்பர் கடைசியில் ஒரு நாள், இரவு வேலை முடிந்து விடியற்காலையில் அக்கா திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் விட்ட மூச்சே முன் கண்ணாடியின் உள்பக்கம் பனியாக உறைந்தது. இடது கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, வலது கையால் ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்துச் சுரண்டிச் சுரண்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை செய்து அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஓட்டையில் திடீரென்று சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று தெரிந்தது. பள்ளிக்கூட பஸ் நின்றுகொண்டிருந்தது. குழந்தைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பிரேக்கை அழுத்தினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரப் பனிமேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் டிரைவர் அம்மாள் இறங்கி வந்து, திட்டாமல், அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாளாம். அக்கா எனக்குப் போன் செய்தபோது இங்கே மாலை விளக்கு வைக்கிற நேரம். அரை மணி நேரம் அவளுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. "என் பெண் வயசுதான் இருக்கும் அந்தக் குழந்தைகளுக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த 60 டாலர் சாமான் என்னவென்று பார்ப்போமா? ஒன்றும் பிரமாதமில்லை. தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர். ஓடுகிற எஞ்சினின் சூட்டை ஏந்திக்கொண்டு, ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் ஒரு திரவம் சுற்றி வருகிறது. கூலன்ட் என்கிறோமே, அதுதான். அதில் கொஞ்சத்தை இரண்டு குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த வெந்நீர்ப் பெட்டிக்குள் விடுகிறார்கள். ஒரு விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. சூடான காற்று வண்டிக்குள் வருகிறது. தனியாக விறகும் வேண்டாம், மின்சார அடுப்பும் வேண்டாம். எஞ்சின் வீணாக்குகிற சூடே போதும்.

ஏர் கண்டிஷன் உள்ள வண்டியில் இதற்கு ஒரு ஓரகத்தியும் உண்டு. மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்பார்கள். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் குடித்தனம். கண்ணாடியில் மூட்டம் போட்டால் இரண்டும் சேர்ந்துதான் அதைப் போக்குகின்றன. குளிர்ந்த காயிலில் பட்டுக் காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டிவிடுகிறது. ஈரம் போன காற்று அடுத்து வெந்நீர்ப் பெட்டியில் பட்டுச் சூடாகிறது. காய்ந்த, சூடான காற்று கண்ணாடியைத் துடைத்து விட்ட மாதிரி ஆக்குகிறது. கடுங்குளிரில் ஏர் கண்டிஷன் தானாகவே ஓய்வெடுத்துக்கொள்ளும். அப்போது முழுப் பாரமும் வெந்நீர்ப் பெட்டியின் தலையில்தான்.

கண்ணாடிக்கு வெளியே விழும் மழையையும் பனியையும் துடைக்க வழி கண்டவர்களில் ஒருவர், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. 1903-ல் வைப்பருக்குப் பேட்டண்ட் உரிமை வாங்கினார். உள்ளே படிகிற பனிக்கு அந்த வைப்பர் என்ன செய்யும், பாவம்! அதற்கு ஹீட்டர்தான் வேண்டும். சுகத்துக்காக வைத்த சாமான் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் குளிரில் அது பிரேக் மாதிரி அவசியமான சாமான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுப் பெரியவரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். எழுபது வயது தாண்டியவர். இளமையில் டிராக்டர் ரிப்பேர் செய்தவர். அவர் வீட்டை ஒட்டிச் சூடேற்றிய கொட்டகை ஒன்று உண்டு. "நீ கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயாரானால், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் பார்க்காத அழுக்கா என்று அக்கா சரி சொல்லிவிட்டாள்.

அவர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "இந்த வண்டியில் ஏர் கண்டிஷன் குழாயைக் கழற்றாமல் பெட்டியை எடுக்க முடியுமா, முடியாதா?" என்பதுதான். சில வண்டிகளில் கீழே ஒரு மூடியைத் திறந்தால் ஹீட்டர் கோரை மட்டும் உருவி எடுத்துவிடலாம். சிலவற்றில் முழுப் பெட்டியும் வெளியே வந்தால்தான் உண்டு. வண்டிக்கென்று அச்சிட்ட ரிப்பேர்க் கையேட்டை வாங்கிப் படித்தார்கள். அக்காவின் வண்டி இரண்டாவது ஜாதி. ஆகவே முதல் வேலை ஸ்பானரை எடுப்பதல்ல; ஏர் கண்டிஷனில் இருக்கும் கேஸை முறைப்படி வெளியே எடுப்பது.

குழாயைக் கழற்றினால் புஸ்ஸென்று போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும். முகத்தில் பட்டால் கண்ணும் தோலும் உறைந்து புண்ணாகும். அது ஒரு பக்கம். பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 என்ற கேஸ், வானத்தில் நமக்குக் குடை பிடிக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ல் மான்ட்ரியாலில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 1990-களின் மத்தியில் ஆர்-134ஏ என்ற கேஸ் வந்தது. அக்காவின் வண்டியில் இருந்தது இதுதான். இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். இரண்டையும் வேண்டுமென்று காற்றில் விடுவது அமெரிக்காவில் சட்ட விரோதம். ஆகவே லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் மிஷின் வைத்து கேஸை உறிஞ்சி எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமாயிற்று. எஞ்சின் நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்பது முதல் கட்டளை. சூட்டில் திறந்தால் கொதிக்கும் நீர் மேலே பீறிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் வரை சும்மா காத்திருந்தது இரண்டாவது. ஸ்டியரிங்கில் காற்றுப்பை இருக்கிறதல்லவா? அது தப்பித் தவறி வெடித்துவிடக் கூடாது.

அடுத்து, கூலன்டை ஒரு தொட்டியில் வடித்தார்கள். பழைய புளித்தண்ணீர் மாதிரி பழுப்பாக வந்தது. "பார்த்தாயா? உன் பெட்டியை ஓட்டை போட்டது இதுதான்" என்றார் பெரியவர். கூலன்டில் துருப் பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்திருக்கும். வருஷங்கள் போகப் போக அந்த மருந்து தீர்ந்துவிடும். பிறகு அந்தத் திரவமே புளித்துப்போய், மெல்லிய அலுமினியக் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். பழைய பச்சைக் கூலன்டை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன் சொந்தக்காரர் மாற்றவில்லை. வாங்கிய அக்காவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் பெரியவரின் நாய் தொட்டியை மோந்து பார்க்க வந்தது. அவர் போட்ட சத்தத்தில் கொட்டகையே அதிர்ந்ததாம். காரணம் உண்டு. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திப்பானது. நாயும் பூனையும் ருசித்து நக்கிவிடும். குழந்தைகளும் வாயில் வைத்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. யாராவது குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொட்டியை மூடி, உயரத்தில் வைத்த பிறகுதான் மற்ற வேலை நடந்தது.

டாஷ்போர்டைக் கழற்றுவது, கொலுப்படியை வருஷத்துக்கு ஒருமுறை பிரிப்பது மாதிரி. எந்தப் பலகை எங்கே என்று குறித்து வைக்காவிட்டால் தலைவலிதான். எத்தனையோ ஸ்க்ரூக்கள், எல்லாம் பார்க்க ஒன்று போல, ஆனால் நீளம் வேறு. அக்கா ஓடிப்போய் இட்லித் தட்டுகளை எடுத்து வந்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்து ஸ்க்ரூ. பக்கத்தில் ஒரு காகிதச் சீட்டு. சீட்டு எழுதியது குழந்தை. ஒவ்வொரு ஒயரையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். வயதான பிளாஸ்டிக் குளிரில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆகவே கொட்டகையின் சூட்டில் வண்டியை ஒரு இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஸ்டியரிங் தண்டைக் கீழே தாழ்த்தி, டாஷ்போர்டைப் பின்னால் சாய்த்து, எஞ்சின் பக்கத்து நட்டுகளைக் கழற்றி, ஏர் கண்டிஷன் குழாய்களைப் பிரித்தார்கள். பிரித்த கையோடு அந்தக் குழாய் வாய்களை மூடிக் கட்டினார்கள். காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்தால் ஏர் கண்டிஷனுக்கு ஆகாது. மாலைக்குள் பெட்டி வெளியே வந்தது. திறந்தால், உள்ளே காய்ந்த இலைகளும் ஒரு எலிக்கூடும்! எலி குடியிருந்த காற்றையா இத்தனை நாள் சுவாசித்தோம் என்று அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தார்கள்.

புதுப் பெட்டியை வைத்துவிட்டு உடனே மூடவில்லை. அதன் ஒரு குழாயை அடைத்து, மறு குழாயில் மெதுவாகக் காற்றை ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வரவில்லை. டாஷ்போர்டை எல்லாம் மாட்டின பிறகு புதுச் சாமான் ஒழுகினால் யாரைப் போய் அழுவது? பெட்டியைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு ஓரப்பட்டை உண்டு. பழையது பொடிப் பொடியாகிவிட்டது, புதிதாக ஒட்டினார்கள். அது இல்லாவிட்டால் காற்று பெட்டிக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். புதுப் பெட்டி போட்டும் சூடு வராது.

அடுத்த சனி, ஞாயிறும் மாட்டுகிற வேலைக்கே சரியாகப் போயிற்று. இட்லித் தட்டு காலியானபோது ஒரே ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது எங்கேயிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. புதுக் கூலன்டும் சுத்த நீரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. ஊற்றியதும் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் வெளியேறும் வரை காத்திருந்து மேலும் ஊற்றினார்கள். ஏர் கண்டிஷனுக்கு இணைப்புகளில் புது ரப்பர் வளையங்களும், ஈரம் உறிஞ்சும் டிரையரும் மாற்றினார்கள். பிறகு அதே லைசென்ஸ் கடையில் வாக்யூம் போட்டு, ஒழுக்கில்லை என்று பார்த்து, பானெட்டுக்குள் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள எடைப்படி கேஸ் நிரப்பினார்கள். எல்லாம் சேர்ந்து 500 டாலருக்குச் சற்று மேலே ஆயிற்று.

அப்படியானால் 1,400 டாலர் கேட்ட பட்டறைக்காரர்கள் கொள்ளைக்காரர்களா? அக்காவே இல்லை என்கிறாள். "நாங்கள் மூன்று பேர் நான்கு நாள் செய்தோம். அந்த உழைப்புக்குக் கூலி போட்டுப் பார், தெரியும்" என்கிறாள். அவளுக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். குழாயை இணைத்துவிட்டு அனுப்பிய அன்று, "இது தற்காலிகம், குளிர் வருமுன் சரி செய்தாக வேண்டும், கண்ணாடி தெரியாது" என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தற்காலிகமாகச் செய்த காரியத்தை நாம் எத்தனை சீக்கிரம் நிரந்தரமாக்கிவிடுகிறோம்! குழாயில் துணி சுற்றி வைத்த வீடுகள் நம்மிலும் இல்லையா?

நம் ஊர்க் காரிலும் ஏர் கண்டிஷன் இருந்தால் பெரும்பாலும் இந்த வெந்நீர்ப் பெட்டியும் உண்டு. நாம் சூட்டைத் தேடுவதில்லையாகையால் அதன் ஞாபகமே நமக்கு வருவதில்லை. ஒருநாள் பக்கத்து இருக்கையின் கீழே ஈரம் தெரிந்தால் பதறாதீர்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீரானால், ஏர் கண்டிஷன் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும், சின்ன வேலை. வழவழப்பாக, நிறத்தோடு, தித்திப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். கையைக் கழுவிக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒழுக்கை அடைக்கும் பொடி ஒன்று போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஒழுக்கோடு சேர்த்து, அந்தப் பெட்டியின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடக்கூடும். கூலன்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். பதிலுக்கு உங்களைப் பார்த்து விழித்தால், நாளையே மாற்றச் சொல்லுங்கள்.

ஜனவரியில் அக்கா மறுபடி போன் செய்தாள். விடியற்காலை, அதே சாலை. பஸ் நின்ற இடத்தை அப்போதுதான் தாண்டி வந்திருந்தாளாம். "அரை மைலுக்கு முன்னாலேயே அந்த சிவப்பு விளக்கு தெரிந்ததடி. குழந்தைகள் போகிற வரை நின்றேன். பஸ்காரம்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதியை என்னால் எழுத முடியவில்லை.

பக்கத்தில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். ஸ்க்ரூ வைத்த அந்தத் தட்டிலா இப்போதும் இட்லி ஊற்றுகிறாள்?"

போன வாரம் அம்மா ஒரு பார்சல் கட்டினாள். உள்ளே புத்தம் புதிதாக ஒரு செட் இட்லித் தட்டு. பழையது பெரியவரின் கொட்டகையிலேயே ஆணியில் தொங்குகிறதாம். அடுத்த ரிப்பேருக்கு வேண்டுமென்று அவர் திருப்பித் தர மறுத்துவிட்டாராம்.